வெண்புள்ளி நோயும் ஞாயிற்றொளியும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதர்க்கு வரும் நோய்களுள் உயிரைக் கவர்வன சில. உடம்பை வருத்துவன பல. உயிரையும் கவராது, உடம்பையும் பெரிதும் வருத்தாது, மனத்தையும் மானத்தையுமே வருத்துவன மிகச் சில. அம்மிகச் சிலவற்றுள் தலையாயது, தோலின் இயற்கை நிறம் ஆங்காங்கு நீங்கி வெண்மை தோன்றும் நோயாகும். ஆங்கில வைத்தியர் இதனை விற்றிலிகோ என்பர். ஆயுள்வேத நூலார் சுவித்திரம் என்றும் கிலாசம் என்றும் வழங்கினர். நம் நாட்டு மக்கள் நெடுங்காலமாக வெண்குட்டம் என்றே கூறி வந்தனர். இக்கட்டுரையில் வெண்புள்ளி என்னும் பெயரே ஆளப்படும். அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

உலக மக்களுள் நூற்றுக்கு 0.5 முதல் 2 பேர் வரை இந்நோய்க்கு ஆளாவர் என்பது வைத்தியர் கணிப்பு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இருபது வயது நிரம்பு முன்னரே இது தோன்றிவிடுகின்றது. கருநிறத் தோலினர்க்கு இதன் வெண்மை தெளிவாகப் புலப்படுதலின், நம் போன்ற நாடுகளில் இதனால் விளையும் துன்பமும் மிகுதி.

இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் வியத்தற்குரிய செய்தியொன்றுண்டு. இக்காலத்துத் தோல் வைத்தியர் கையாண்ட மருந்தும் ஒளியும் சேர்ந்த சிகிச்சையின் இரு கூறுகளையும் பழைய பாரத நாட்டினரும் வட ஆபிரிக்கரும் முன்னரே அறிந்திருந்தனர். அங்ஙனமாயின், அச்சிகிச்சை நம்பத்தக்கதொரு முறையாக வளர்தற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது ஏன்? பொருள் இருந்தது, அளவு இருக்கவில்லை என்பதே நாம் காணும் விடை. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரால் வந்த பெருந்துன்பம்

சிகிச்சையை ஆராயுமுன் நோயைப் பற்றிப் பண்டையோர் கொண்ட கருத்தை நோக்குதல் வேண்டும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தசு, பாரசீகரின் வழக்கங்களைக் கூறுமிடத்து, குட்டநோயோ வெண்ணோயோ உற்றவன் நகரினுள் வரவும் பிறருடன் கலக்கவும் தடுக்கப்பட்டான் என எழுதினார். அவன் ஞாயிற்றுக்குப் பிழை செய்தவன் என்பது பாரசீகர் நம்பிக்கை. எபிரேய வேதத்தின் லேவியராகமத்திற் கூறப்படும் சாராத் என்னும் சொல் பலவகைத் தோற்பிணிகளைக் குறித்தது. அது கிரேக்க மொழியில் லெப்ரா எனப் பெயர்க்கப்பட்டது. பின்னாளில் அச்சொல்லே குட்டநோய்க்கும் பெயராயிற்று. ஆகவே, வேறு வேறான பிணிகள் ஒரு சொல்லின் கீழ் அடங்கின. வெண்புள்ளியுற்றோரும் குட்டநோயாளர்க்கு விதித்த தண்டத்தைப் பெற்றனர்.

பாரத நாட்டு வைத்திய நூலார் இவ்விடயத்தில் மற்றையோரினும் கூர்மையாக நோக்கினர். குட்டத்திற்கும் கிலாசத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சுசுருத சங்கிதை எடுத்துக் கூறுகின்றது. கிலாசம் தோலளவில் நிற்பது, நீர் வடியாதது என்பன அது கூறும் அடையாளங்கள். எனினும், அந்நூலே கிலாசத்தைக் குட்டத்தின் ஒரு விகற்பம் என்றும் வகுத்தது. கண் வேறுபாட்டைக் கண்டது. வகுப்பு இரண்டையும் ஒன்றாகவே வைத்தது. நம் மொழியில் வெண்குட்டம் என்னும் பெயர் நிலைத்தமைக்கு இவ்வகுப்பே வேராகும்.

சரக சங்கிதை வேறொரு சுமையையும் நோயாளியின் மேல் ஏற்றியது. பொய் பேசுதல், நன்றி மறத்தல், தேவரை நிந்தித்தல், குருவை அவமதித்தல், முற்பிறப்பின் வினை, ஒவ்வாத உணவு என்பன கிலாசத்தின் காரணங்களாக அதன் சிகிச்சைத் தானத்தின் ஏழாம் அத்தியாயத்திற் கூறப்பட்டுள்ளன. நம் முன்னோரின் நூல்களைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் தகாது. அந்நூலின் சிகிச்சையறிவு எத்துணைச் சிறந்ததோ, அத்துணைக் கொடியது இக்காரணக் கூற்று. நோயுற்ற ஒருவனை நன்றி கொன்றவன் என்று ஊரார் ஐயுறுதற்கு இஃது இடமளித்தது.

குட்டம் என்னும் சொல் இலங்கையில் எத்தகைய அச்சத்தை எழுப்பியது என்பதும் நினைக்கத்தக்கது. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையிற் குட்டநோயாளர்க்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினர். பிரித்தானியர் ஆட்சியில் 1901இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நோயாளரை ஊரினின்றும் பிரித்து வைக்க வழிவகுத்தது. அத்தகைய சொல்லொன்றைத் தொற்றாத ஒரு நிறமாற்றத்திற்கும் பெயராக இட்டால் விளைவு யாதாகும் என்று விரித்துரைத்தல் வேண்டா.

நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் 1873இல் குட்டநோயின் பற்றீரியாவைக் கண்டறிந்தார். குட்டம் ஒரு நுண்ணுயிரால் வருவது. வெண்புள்ளியில் அந்நுண்ணுயிர் இல்லை. இவ்வாறு, இரண்டும் வேறென்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. பெயர் மாத்திரம் மாறாது நின்றது.

மூலிகையும் வெயிலும்

காரணத்தைப் பற்றித் தவறாக எண்ணியவர்களே சிகிச்சையிற் சரியான வழியை அணுகினர் என்பது வரலாற்றின் விந்தை. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய அதர்வ வேதத்தின் முதற்காண்டத்திலுள்ள 23ஆம், 24ஆம் சூக்தங்கள் வெண்மையை நீக்கி நிறத்தை மீட்டுத் தருமாறு கரிய மூலிகையொன்றை வேண்டுவன. அம்மூலிகை இரவிற் பிறந்தது என அவை போற்றுகின்றன. கரியது கருமையைத் தரும் என்னும் எண்ணம் அவற்றில் உள்ளது. அம்மூலிகை கார்போகியே என்று பிற்காலத்தார் சிலர் துணிவர். சூக்தங்களில் அதற்கு வெளிப்படையான ஆதாரமில்லை. வெயிலைப் பற்றியும் அவை ஒன்றும் கூறவில்லை. ஆதலின், சிகிச்சை வரலாற்றை அச்சூக்தங்களிலிருந்து தொடங்குவதிலும், வைத்திய நூல்களிலிருந்து தொடங்குதலே நேரிது.

சரக சங்கிதையின் மேற்கூறிய அத்தியாயத்திலேயே தெளிவான விதியொன்று காணப்படுகின்றது. நோயாளிக்கு நெய்ப்புச் சிகிச்சை செய்து, பேயத்தியின் சாற்றை வெல்லத்துடன் பருகுவித்து, அவன் வலிமைக்கு ஏற்ப ஞாயிற்றின் வெப்பத்தில் இருக்கச் செய்தல் வேண்டும். பேதியான பின் மூன்று நாள் கஞ்சி கொடுத்தல் வேண்டும். வெண்மையான இடத்திற் கொப்புளங்கள் எழுந்தால் அவற்றை முள்ளாற் கீறி நீரை வெளியேற்றுதல் வேண்டும். இவ்விதியில் மருந்து, வெயில், கொப்புளம் என்னும் மூன்றும் ஒருங்கு வருதலை வாசகர் கவனிப்பாராக. அத்தி இனத்தைச் சேர்ந்த மரங்கள் சிலவற்றின் பாலிலும் இலையிலும், ஒளியுடன் சேர்ந்து தோலைத் தாக்கும் பொருள் உண்டென்பதை இக்கால இரசாயனவியல் அறிந்துள்ளது.

கார்போகி அரிசியும் இந்நோய்க்குப் பழைமையான மருந்தாகும். வடமொழியில் வாகுசி எனப்படும் இச்செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் சிறிய கரிய விதைகளைச் சித்த, ஆயுள்வேத வைத்தியர் உள்ளுக்கும் வெளிப்பூச்சுக்கும் கொடுத்து வந்தனர். சுவித்திரத்தின் பகை என்னும் பொருள்பட இச்செடிக்குப் பெயர் வழங்கியமையே அதன் மதிப்பை உணர்த்தும்.

அஷ்டாங்க ஹிருதயம் இயற்றிய வாக்படர், எவ்வகைச் சுவித்திரம் மாறும், எவ்வகை மாறாது என்றும் வரையறுத்தார். மயிர் வெளுக்காததும், பரவாததும், புதியதுமான வெண்மை மாறும். உள்ளங்கையிலும் உதட்டிலும் மறைவிடத்திலும் தோன்றியது புதியதாயினும் மாறாது என்பது அவர் முடிபு. இம்முடிபின் உண்மையைப் பின்னர்க் காண்பாம்.

இனி மேற்றிசை நோக்குவாம். ஸ்பெயின் நாட்டு மாலகாவிற் பிறந்து 1248இல் தமாஸ்கசில் இறந்த இபின் அல் பைத்தார், எளிய மருந்துகளைப் பற்றிய பெருந்தொகை நூலொன்றை அரபு மொழியில் எழுதினார். வட ஆபிரிக்காவிற் பேர்பர் இனத்தார் ஆத்ரிலால் என்னும் செடியின் விதையால் வெண்புள்ளியை மாற்றும் முறையை அவர் அதில் விளக்கினார். விதைத்தூளைத் தேனுடன் உண்பித்து நோயாளியை வெயிலில் இருத்துவர். வெண்மையான இடங்களிற் கொப்புளம் எழும். அது ஆறிய பின் நிறம் திரும்பும். நைல் நதிப் பள்ளத்தாக்கிற் களையாக வளரும் இச்செடி கொத்தமல்லி, சீரகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

பேயத்தி, கார்போகி, ஆத்ரிலால் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரிடம் செடியைப் பெற்றிருப்பின் செடியும் ஒன்றாகவே இருந்திருக்கும். செடி வேறாகவும் முறை ஒன்றாகவும் இருத்தலை நோக்கின், அனுபவமே இரு நிலத்தார்க்கும் ஆசானாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஆயினும், இம்முறைகள் எங்கும் பொது வழக்காக நிலைபெறவில்லை. ஒரு விதையில் மருந்து மிகும், மற்றொன்றிற் குறையும். காலை வெயில் வேறு, உச்சி வெயில் வேறு. மாரி வேறு, கோடை வேறு. ஒருவன் குணமானான், மற்றொருவன் வெந்து புண்ணானான். கொப்புளம் எழுதலையே பழைய நூலார் சிகிச்சையின் ஒரு படியாகக் கொண்டனர். அளவு மிஞ்சியதன் அறிகுறி அது என்று உணர்தற்கு அவர்களிடம் கருவியில்லை.

அளவு பிறந்த கதை

ஒளியை மருந்தாக அளந்து பயன்படுத்தும் கலைக்கு வித்திட்டவர் டென்மார்க்கு நாட்டு வைத்தியர் நீல்ஸ் பின்சன் ஆவர். தோலைத் தாக்கும் ஒருவகைக் காசநோயைச் செறிந்த ஒளிக்கற்றையால் மாற்றியமைக்காக 1903இல் அவர்க்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. வெண்புள்ளியைப் பற்றி அவர் ஆராய்ந்திலராயினும், ஒளியும் மருந்தாகும் என்னும் கொள்கை அவரால் மதிப்புப் பெற்றது.

மருந்தின் பக்கத்தில் முதற்படி பாரத நாட்டில் எடுத்து வைக்கப்பட்டது. ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் ஆகிய இரசாயனவியலாளர் 1933இற் கார்போகி விதையிலிருந்து பளிங்குருவான பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். செடியின் இலத்தீன் பெயராகிய சோராலியா என்பதிலிருந்து அது சோராலென் எனப் பெயர் பெற்றது. சோராலென் இனப் பொருள்களே ஒளியின் துணையுடன் தோலைத் தாக்குவன என்பதை 1938இல் குஸ்கே என்பார் வெளியிட்டார். தேசிக்காய்த் தோலின் சாறு கையிற் பட, வெயிலில் நின்றவர்க்குச் சில நாளில் அவ்விடம் சிவந்து பின்னர்க் கறுத்தலை நம்மவரும் கண்டிருப்பர். அங்கு நிகழ்வதும் இதுவே.

அடுத்த படி எகிப்தில் நிகழ்ந்தது. ஆத்ரிலால் விதையிலிருந்து பாமியும் அவருடன் உழைத்தோரும் 1947இல் தூய பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் தலையாயது 8-மெதொக்சிசோராலென் என இன்று அறியப்படுவது. கெய்ரோவில் தோல் வைத்தியராய் விளங்கிய எல் மோப்தி அப்பொருள்களை வெண்புள்ளியுற்றோர்க்குக் கொடுத்து வெயிலில் இருத்தி, தாம் கண்ட பயனை 1948இல் வெளியிட்டார். அமெரிக்காவில் லேணர், டென்ரன், பிற்ஸ்பற்றிக் ஆகியோர் 1953இல் அதே மருந்தைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இபின் அல் பைத்தார் எழுதிய செய்தி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளின் பின் ஆய்வுகூடத்தினுள் புகுந்தது.

இப்போது மருந்தை மில்லிகிராமால் அளக்க முடிந்தது. ஒளியோ இன்னும் வானத்து ஞாயிற்றின் வசமே இருந்தது. 1974இற் பரிஷ், பிற்ஸ்பற்றிக் முதலியோர் அக்குறையையும் நீக்கினர். 320 முதல் 400 நனோமீற்றர் வரையுள்ள கழியூதாக் கதிர்களை மிகுதியாக வீசும் விளக்குகளை அமைத்து, மருந்துண்ட சோரியாசிஸ் நோயாளரை அவற்றின் நடுவே நிறுத்தினர். மருந்தின் பெயரையும் கதிரின் பெயரையும் சேர்த்து இம்முறை பூவா எனப்பட்டது. 1976இல் அதே குழுவினர் வெண்புள்ளிக்கு இதனைக் கையாண்ட முடிபுகளை வெளியிட்டனர். நோயாளியின் நிறைக்கேற்ப மருந்து. மருந்து தோலை அடைதற்குரிய நேரம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை யூல் என்று அளந்த கதிர்: இம்மூன்றும் ஒருங்கு கூடின. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே வைத்தியன் செய்தல் வேண்டுமெனத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறிய நெறி ஈண்டு எண்களாற் செய்து காட்டப்பட்டது எனலாம்.

சிகிச்சையால் நிறம் மீள்வது எங்ஙனம் என்பதும் தெளிவாயிற்று. மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் வெண்மையான இடத்தில் அழிந்து போகின்றன. ஆனால், மயிர்க்காலின் வெளியுறையில் நிறம் ஆக்காத நிலையிற் சில கலங்கள் உறைகின்றன என்பதை ஸ்ராரிக்கோ 1959இற் காட்டினார். ஒளி அவற்றைத் தூண்டுகின்றது. அவை பெருகி மேலேறி, தோலில் நிறத்தைப் பரப்புகின்றன. ஆகவேதான் நிறம் முதலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகளாக மீள்கின்றது. மயிர் வெளுத்த இடத்தில் அச்சேமிப்பு அழிந்துவிட்டது. உள்ளங்கையிலும் உதட்டிலும் மயிர்க்கால் இல்லை. வாக்படர் மாறாது என்று விலக்கிய இடங்களும் இவையே. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் கண்ணொன்றையே துணையாகக் கொண்டு அவர் கண்ட உண்மைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின் காரணம் கிடைத்தது.

பூவா முறையிலும் தீங்கில்லாமலில்லை. மருந்து குமட்டலை உண்டாக்கும். கண்ணுக்குப் புரை வாராதபடி அன்று முழுவதும் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். நெடுங்காலம் மிகுதியாக இச்சிகிச்சை பெற்ற சோரியாசிஸ் நோயாளரிடம் தோற்புற்று மிகுந்தமை அறியப்பட்டது. ஆதலின், வைத்தியர் மருந்து வேண்டாத வேறொளியைத் தேடினர். அம்ஸ்ரர்டாமில் வெஸ்ரர்ஹொவ் என்பாரும் அவர் துணைவரும் 311 நனோமீற்றர் அளவான குறுகிய வீச்சுக் கதிரை மாத்திரம் வாரம் இருமுறை செலுத்தி, 1997இல் முடிபுகளை வெளியிட்டனர். நான்கு மாதத்தில் அக்கதிர் பெற்றோருள் நூற்றுக்கு 67 பேர்க்கும், சோராலென் பூசிக் கதிர் பெற்றோருள் நூற்றுக்கு 46 பேர்க்கும் நிறம் மீளத் தொடங்கியிருந்தது. மருந்து உட்கொள்ள வேண்டாமையாற் சிறுவர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் இது கொடுக்கத்தக்கதாயிற்று. அதுமுதல் இதுவே பரவிய வெண்புள்ளிக்கு முதன்மையான ஒளிச் சிகிச்சையாயிற்று.

அண்மையில் மருந்தின் பக்கமும் புதிய திருப்பம் கண்டது. உடம்பின் நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது நோயை எதிர்க்கும் படை, தன் சொந்த நிறக்கலங்களையே பகையென மயங்கித் தாக்குதலே இந்நோயின் மூலம் என்பது இன்றைய துணிபு. அத்தாக்குதலுக்குரிய சமிக்ஞையைத் தடுக்கும் றுக்சொலிற்றினிப் என்னும் களிம்பை அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் 2022 யூலையிற் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு அனுமதித்தது. அதன் சோதனைகளில், 24 வாரத்தில் முகத்து வெண்மையின் முக்காற்பங்கு மீண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். மருந்தில்லாக் களிம்பு பூசியோருள் அத்தகையோர் 7 முதல் 11 பேர் வரையே. முன்னேற்றம் உண்மையானது, முற்றும் மாற்றும் மருந்து இன்னும் கைவரவில்லை.

வரலாறு உணர்த்துவது

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன இரண்டு.

நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவோர் ஒரு சாரார். அவர்கள் ஒன்றும் அறியார் என்று இகழ்வோர் மற்றொரு சாரார். இருவரும் இவ்வரலாற்றில் தோற்கின்றனர். மூலிகையும் வெயிலும் கூடினால் நிறம் மீளும் என்பது பழையோர் கண்ட உண்மை. எவ்வளவு மருந்து, எந்தக் கதிர், எத்துணை நேரம் என்பது புதியோர் கண்ட உண்மை. அளவின்றி அப்பழைய முறையை இன்று தாமே கையாள்வோர், நாட்டு மருந்துக் கடையிற் கார்போகியை வாங்கி அரைத்துப் பூசி நண்பகல் வெயிலில் நின்று வெந்து போதல் கூடும். பழைமையைப் போற்றுதல் என்பது அதன் குறையையும் அறிந்து போற்றுதலாகும்.

மற்றொன்று பெயரைப் பற்றியது. கதிரும் களிம்பும் மாற்றத்தக்கது தோலின் நிறத்தையே. வெண்குட்டம் என்னும் சொல் உண்டாக்கிய அச்சத்தை மாற்றும் கதிர் எந்த வைத்தியசாலையிலும் இல்லை. பல்லாண்டு கற்பித்த ஆசிரியர் எவரும், வகுப்பின் கடைசி வாங்கில் தனியே அமர்ந்து, கோடையிலும் நீண்ட கைச்சட்டை அணிந்து வரும் மாணவனையோ மாணவியையோ ஒரு முறையேனும் கண்டிருப்பர். அப்பிள்ளையின் அருகில் அமர மறுக்கும் பிள்ளை அம்மறுப்பைத் தானாகக் கற்றதன்று. வீட்டில் வழங்கிய சொல்லிலிருந்து கற்றது. இந்நோய் தொற்றாது, பாவத்தால் வருவதன்று, குட்டத்துடன் எவ்வுறவும் உடையதன்று. சுசுருதர் நூல் வேறுபாட்டைக் கண்டும் பெயரளவிற் பிரிக்காது விட்டது. ஹன்சன் பிரித்துக் காட்டிய பின்னரும் நாம் பழைய பெயரை விடாது வைத்திருத்தல் அறியாமையாகாது. அறிந்தும் செய்யும் பிழையாகும்.

ஒளியை அளந்து கொடுக்க மனிதன் கற்பதற்கு மூவாயிரம் ஆண்டுகள் சென்றன. சொல்லை அளந்து கூறுதற்கு ஒரு நாள் போதும். வெண்புள்ளி என்னும் பெயரை நம் வீட்டிலும் வகுப்பிலும் வழங்கத் தொடங்குவோமாக.